வாயுள்ள பிள்ளை

ஒரு பையன். அவனிடம் ஒரு நாய். ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் ஒரு தவளை!

ராத்திரி, பையனும் நாயும் அசந்து தூங்கும்போது, தவளை நைஸாக ஒரு காலை வெளியே வைத்து நழுவிவிடுகிறது. காலையில் எழுந்து பார்த்தால் ஜாடி காலி! பூட்ஸுக்குள் தேடுகிறான். ஜன்னலைத் திறந்து கூப்பிடுகிறான். காட்டுக்குள் போகிறான். தேனீக்கள் துரத்துகின்றன. ஆந்தை மிரட்டுகிறது. ஒரு பாறை மேல் ஏறி, அங்கே நீட்டிக்கொண்டிருந்த மரக்கிளையைப் பிடித்தபடி தவளையைக் கூப்பிடுகிறான். அது கிளை இல்லை... மானின் கொம்பு! மான் அவனைத் தலையில் சுமந்துகொண்டு ஓடி, ஒரு பள்ளத்தின் விளிம்பில் சடாரென்று நிற்க, பையனும் நாயும் கீழே குளத்தில் 'தொப்'! பக்கத்தில் விழுந்துகிடந்த மரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால்... தவளையார், தன் சம்சாரத்தோடு, குழந்தை குட்டிகளோடு! ஒரு குட்டித் தவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு டாட்டா காட்டிவிட்டு வீடு திரும்புகிறான் பையன். சுபம்.

மெர்ஸர் மேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1969-ல் வெளியிட்ட குழந்தைகள் புத்தகம் இது. 'தவளையே, நீ எங்கே?' என்பது தலைப்பு. உள்ளே 24 படங்கள். ஒரு வார்த்தைகூடக் கிடையாது! வார்த்தை இல்லாததாலேயே மொழி ஆராய்ச்சியாளர்கள் அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஹீப்ரு, துருக்கி என்று பல மொழிக் குழந்தைகளிடம் புத்தகத்தைக் கொடுத்து, "கண்ணு, இந்தக் கதையைச் சொல்லு பார்க்கலாம்" என்று டேப் ரெக்கார்டரை ஓடவிட்டார்கள்.

சின்னப் பிள்ளைக் கதைதானே என்று நினைக்காதீர்கள். அந்த மான் கொம்பு காட்சியை மறுபடி யோசித்துப் பாருங்கள். அது கொம்பு என்று நமக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாது என்பது நமக்குத் தெரிந்தால்தான் அங்கே சிரிப்பே வரும்! ஆக, கதை சொல்ல வார்த்தை மட்டும் போதாது. நடந்ததைக் கோத்துச் சொல்லவேண்டும். அதற்கும் மேலே, இன்னொருவன் மண்டைக்குள் இப்போது என்ன ஓடுகிறது என்று தெரியவேண்டும்.

இப்போது இரண்டு பிள்ளைகள் இந்தக் கதையைச் சொல்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் பிள்ளை ஏற்ற இறக்கத்தோடு, "அப்பத்தான் திடீர்னு... ப்ளக்! என்ன ஆச்சு தெரியுமா?" என்று அமர்க்களப்படுத்துகிறது. இரண்டாவது பிள்ளைக்கு நாக்கு தடிக்கிறது. "தவள போச்சு. பையன் தேடு." அவ்வளவுதான். யாருக்கு மார்க் போடுவீர்கள்?

நாம் முதல் பிள்ளைக்குத்தான் போடுவோம். நம் ஊரில் 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று பழமொழியே இருக்கிறது. உலகத்தின் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களும் ரொம்ப காலம் அப்படித்தான் மார்க் போட்டன. எங்கள் தெருவில்கூட அந்த இரண்டாவது பிள்ளை மாதிரி ஒருவன் இருந்தான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். 1866. ஸர்ரே மாவட்டத்தில் எர்ல்ஸ்வுட் என்ற இடத்தில் ஒரு காப்பகம். அதற்கு மருத்துவத் தலைவராக இருந்தவர் டாக்டர் ஜான் லாங்டன் டவுன். தன்னிடமிருந்த நோயாளிகள் சிலருடைய முகஜாடை ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்தார். கண்களைப் பார்த்து, மங்கோலிய இனத்தவர் போலிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அப்படியே பெயரும் வைத்துவிட்டார்! அந்தக் காலத்து வெள்ளைக்கார டாக்டர்களுக்கு, உலகத்து மனிதர்களை இன வாரியாகப் படிக்கட்டு கட்டி நிறுத்திவைப்பதில் ஒரு அலாதி ஆசை. அந்தப் பெயர் நூறு வருஷம் ஒட்டிக்கொண்டது. 1965-ல் மங்கோலிய நாட்டுக்காரர்களே உலக சுகாதார நிறுவனத்திடம் போய், "எங்க பேரை விட்டுடுங்க சாமி" என்று முறையிடவேண்டி வந்தது. அப்புறம்தான் 'டவுன் ஸின்ட்ரோம்' என்ற பெயர் நிலைத்தது.

ஆனால், டவுனை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. அவர் எழுதிய அந்தக் கட்டுரையிலேயே ஒரு சுவாரஸ்யமான குறிப்பு இருக்கிறது. இவர்களுக்குப் பேச்சு குழறுகிறது, பயிற்சி கொடுத்தால் தேறும் என்று சொல்லிவிட்டு, இவர்கள் பிறரை அச்சாக நடித்துக்காட்டுவதில் கில்லாடிகள், நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர்கள் என்றும் எழுதுகிறார். அதாவது, வாய் குழறுகிறது... ஆனால் எதிரே இருப்பவனை உள்ளே வாங்கிக்கொள்கிறது! யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டவுன் 1896-ல் இறந்தார். ஒன்பது வருஷம் கழித்து அவருக்கு ஒரு பேரன் பிறந்தான். அந்தக் குழந்தைக்கு இருந்தது டவுன் ஸின்ட்ரோம்! குடும்பத்தில் அவனுக்கு வைத்த பெயர், தாத்தாவின் பெயரேதான்.

காரணம் 1959-ல்தான் தெரிந்தது. நம் ஒவ்வொருவர் செல்லிலும் 46 குரோமோசோம்கள். இவர்களுக்கு 21-ஆம் நம்பரில் ஒன்று கூடுதல். பாரிஸில் லெஜூன், மார்த் கோத்தியே, துர்ப்பேன் என்ற மூவர் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்தது கோத்தியே என்கிற பெண்மணி. பெயரைத் தட்டிக்கொண்டு போனது லெஜூன். அது தனி வயிற்றெரிச்சல், இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

காரணம் தெரிந்தும் என்ன? இங்கிலாந்தில் இந்தக் குழந்தைகளை 'கல்வி புகட்ட இயலாதவர்கள்' என்று சட்டபூர்வமாகவே முத்திரை குத்தி, பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 1970-ல் புதுச் சட்டம் போட்டு, அடுத்த வருஷம் அமலுக்கு வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது.

ஆனால், ஒருவர் அதற்கு முன்பே ஜன்னல் வழியாக உள்ளே குதித்துவிட்டார்! நைஜல் ஹன்ட். 1947-ல் பிறந்தவர். அப்பா ஒரு தலைமையாசிரியர். 'இவனுக்குப் படிப்பா?' என்று ஊர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வீட்டில் உட்காரவைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அம்மா. பையன் டைப்ரைட்டரும் பழகினான். தன் கதையைத் தானே டைப் அடித்தான். 1967-ல் அது புத்தகமாக வந்தது. டவுன் ஸின்ட்ரோம் உள்ள ஒருவர் எழுதி வெளியான முதல் புத்தகம் அதுதான் என்கிறார்கள். முன்னுரை எழுதியவர், மரபியலில் பெரிய புள்ளியான லயனல் பென்ரோஸ். 'படிக்க லாயக்கில்லை' என்று சட்டம் சொல்கிறது... அவன் எழுதிய புத்தகம் கடையில் விற்கிறது! சட்டம் மாற இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

நிற்க. இப்போது உலகத்தின் மறுகோடிக்குத் தாவவேண்டும். நாம் ஆரம்பத்தில் பார்த்த அந்த 'முதல் பிள்ளை' நியூஸிலாந்தில்தான் மருத்துவ உலகத்தின் கண்ணில் பட்டது.

1961. ஆக்லாந்து நகரின் க்ரீன் லேன் மருத்துவமனை. ஜே.சி.பி.வில்லியம்ஸ் என்ற இளம் இதய டாக்டர், தன்னிடம் வந்த நாலு நோயாளிகளுக்கு ஒரு ஒற்றுமை இருப்பதைக் கவனித்தார். நாலு பேருக்கும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி ஒரே இடத்தில் குறுகியிருந்தது. அறிவு வளர்ச்சியில் பின்தங்கியிருந்தார்கள். முகஜாடையும் ஒன்றே. சகாக்களோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். அதுவே 'வில்லியம்ஸ் ஸின்ட்ரோம்' ஆனது. காரணம் 1993-ல் பிடிபட்டது. 7-ஆம் குரோமோசோமில் ஒரு துணுக்கு, சுமார் 25 ஜீன்களோடு, காணாமல் போயிருக்கிறது. ரத்தக்குழாய்க்கு ரப்பர் போல நெகிழ்ச்சி தரும் ஜீன் அதில் ஒன்று.

ஜீன் மட்டுமா? டாக்டரே காணாமல் போய்விட்டார்! அமெரிக்காவின் புகழ்பெற்ற மேயோ க்ளினிக்கில் வேலை கொடுத்தார்கள். போய்ச் சேரவில்லை. எங்கே போனார், என்ன ஆனார்... 1988-ல் நியூஸிலாந்து உயர் நீதிமன்றம், '1978 முதல் அவர் இறந்துவிட்டதாகக் கருதவேண்டியது' என்று அறிவித்தது.

அவருக்கு ஜேனட் ஃப்ரேம் என்றொரு தோழி. நியூஸிலாந்தின் மிகப் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர். இளம் வயதில் மனநோய் என்று தவறாக முத்திரை குத்தி வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியில் அடைத்துவைத்திருந்தார்கள். மூளையில் கத்தி வைக்க நாள்கூடக் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து அவருடைய சிறுகதைத் தொகுப்புக்கு ஒரு இலக்கியப் பரிசு! சேதியைப் பேப்பரில் பார்த்த ஆஸ்பத்திரித் தலைவர் ஆபரேஷனை ரத்து செய்தார். கதை எழுதியதால் தப்பித்தது ஒரு மூளை. எழுதாதவர்கள், எழுதத் தெரியாதவர்கள் கதி? அதே ஆஸ்பத்திரிகளில் எத்தனை பேரோ.

வில்லியம்ஸ் ஸின்ட்ரோம் குழந்தைகளிடம் இதய டாக்டர்கள் இதயத்தைத்தான் பார்த்தார்கள். வாயைக் கவனித்தவர் வேறொருவர். கலிஃபோர்னியாவின் ஸால்க் ஆராய்ச்சி நிலையத்தில் உர்ஸுலா பெல்லுகி என்ற அம்மையார். காது கேளாதவர்களின் சைகை பாஷை, பேச்சு மொழிக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை, அதற்கும் கறாரான இலக்கணம் உண்டு என்று நிரூபித்தவர்களில் முக்கியமானவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவருக்கு ஒரு தாயிடமிருந்து போன். "என் பெண்ணை நீங்கள் பார்க்கவேண்டும். நோம் சாம்ஸ்கிதான் உங்கள் பெயரைச் சொன்னார்!"

சாம்ஸ்கியா? மொழியியல் உலகத்தின் முடிசூடா மன்னராச்சே! பெல்லுகி உடனே வரச்சொன்னார்.

வந்தாள் அந்தப் பெண். பதின்வயது. அறிவுத்திறன் எண் 49. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பொருளை எடுத்துவரச் சொன்னால் தடுமாறுவாள். ஷூ நாடா கட்ட வராது. ஆனால் பேச்சு? அப்பப்பா! தான் எழுத்தாளர் ஆகப்போவதாகவும், தன் புத்தகங்களில் பரபரப்புக்குப் பஞ்சமே இருக்காதென்றும் விலாவாரியாகச் சொன்னாள். அவள் போல இன்னும் பலரைத் தேடிப்பிடித்தார் பெல்லுகி. யானை வரையச் சொன்னபோது கிடைத்தது நாலைந்து கோட்டுக் கிறுக்கல்கள். யானை என்று பக்கத்தில் எழுதிவைத்தால்தான் தெரியும். "சரி, யானையைப் பற்றிச் சொல்லு" என்றால், நிறம், காது, தும்பிக்கை, தின்பது, கோபம் வந்தால் என்ன செய்யும் என்று வர்ணனை கொட்டியது!

தவளைப் புத்தகமும் வந்தது. வில்லியம்ஸ் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் ஒரே அறிவுத்திறன் எண்ணில் ஜோடி சேர்க்கப்பட்டார்கள். டவுன் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டான வாக்கியங்கள். வில்லியம்ஸ் பிள்ளைகளுக்கோ குரலில் நாடகம், நடுநடுவே சத்தங்கள், பாத்திரங்களுக்குத் தனித்தனி வசனம், கேட்பவரைக் கட்டிப்போடும் 'பார்த்தா... அய்யய்யோ!'. நம் ஊர் கதாகாலட்சேபக்காரர்கள் தோற்றார்கள்!

உலகம் விழுந்துவிட்டது. அறிவு வேறு, மொழி வேறு, மூளையில் மொழிக்கென்று தனி அறை இருக்கிறது, இதோ அத்தாட்சி என்றார்கள். 1994-ல் ஸ்டீவன் பிங்கர் எழுதிய பிரபல புத்தகத்திலும் இவர்கள் இடம்பிடித்தார்கள். யாரைக் கண்டாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் சுபாவம் வேறு. சரி, அடுத்தவர் மனசைப் படிப்பதிலும் இவர்கள் புலிகளாகத்தான் இருக்கவேண்டும்!

அதைச் சோதிக்க ஒரு டெஸ்ட் தயாராகவே இருந்தது. 1985-ல் லண்டனில் பேரன்-கோஹன், லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் நடத்தியது. ஸாலி, ஆன் என்று இரண்டு பொம்மைகள். ஸாலி தன் கோலிகுண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் ஒளித்துவிடுகிறாள். ஸாலி திரும்பி வந்து எங்கே தேடுவாள்? கூடையில்தானே! இடம் மாறியது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதே. மான் கொம்பு விவகாரம்தான், வேறு வேஷத்தில்.

ஆட்டிஸம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் "பெட்டியில் தேடுவாள்" என்றார்கள். இந்த முடிவு உலகப் பிரசித்தி. பாடப்புத்தகம்தோறும் இருக்கிறது. அதே கட்டுரையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக டவுன் ஸின்ட்ரோம் குழந்தைகள் 14 பேரையும் உட்காரவைத்திருந்தார்கள். அவர்களில் 12 பேர் சரியாகச் சொன்னார்கள்! எந்தக் குறையும் இல்லாத சாதாரணக் குழந்தைகளுக்கு இணையான விகிதம். பிற்பாடு வேறு சிலர் நடத்திய சோதனைகளில் இவ்வளவு நல்ல மார்க் வரவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். இருந்தாலும் எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றி 'அட!' என்று உலகம் ஒரு கட்டுரைகூட அப்போது கொண்டாடவில்லை. எடைபோடும்போது தராசின் அந்தப் பக்கம் வைக்கிற கல்லை யார் உற்றுப்பார்க்கிறார்கள்?

வில்லியம்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1995-ல் பெல்லுகியும் ஆனெட் கார்மிலாஃப்-ஸ்மித்தும் இன்னும் சிலரும் சேர்ந்து செய்த சோதனையில், வில்லியம்ஸ்காரர்கள் மனசைப் படிக்கும் டெஸ்டில் ஏறக்குறைய எல்லோருமே பாஸ். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் சந்தேகம் வந்தது... அதே கார்மிலாஃப்-ஸ்மித்துக்கே!

இந்தம்மா கொஞ்சம் வித்தியாசமான ஆள். ஐக்கிய நாடுகள் சபையில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, அது சலித்துப்போய், ஜெனீவாவில் பியாஜேயிடம் உளவியல் படித்தவர். மொழிபெயர்ப்பாளருக்குப் பேச்சின் மினுமினுப்பில் மயங்காத காது இருக்கும் போலிருக்கிறது. ஃபிரெஞ்சு மொழியில் மேஜை, நாற்காலிக்கெல்லாம்கூட ஆண்பால், பெண்பால் உண்டு. புதிதாக ஒரு வார்த்தையை உருவாக்கிக் கொடுத்தால், சின்னக் குழந்தைகள்கூட அதற்கு ஏற்ற பாலைச் சேர்த்துவிடும். ஃபிரெஞ்சு பேசும் வில்லியம்ஸ்காரர்கள், வயதில் பெரியவர்கள், அங்கே சறுக்கினார்கள். 1997-ல் எழுதினார்: சேதமில்லாத மொழி என்கிறீர்களே, நிஜமாகவே சேதமில்லையா? கைக்குழந்தைகளைக் கவனித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வில்லியம்ஸ் குழந்தைகள் பேச ஆரம்பிப்பதே தாமதம்! தொடக்கத்தில் டவுன் குழந்தைகளும் இவர்களும் வார்த்தைக் கணக்கில் ஒரே நிலை. பிரிவது பிற்பாடுதான்.

மனசைப் படிப்பது? பாஸ்டன் நகரில் ஹெலன் டேகர்-ஃப்ளஸ்பெர்க்கும் கேட் ஸல்லிவனும் கறாராகத் திரும்பச் செய்தார்கள். 1995-ல் டெஸ்ட் எழுதியவர்கள் வயதில் பெரியவர்கள். கேள்வியோ நாலு வயதுக்கானது. இவர்கள் சின்னக் குழந்தைகளையே எடுத்துக்கொண்டு, அதே வயது, அதே அறிவுநிலையில் வேறு குறைபாடுள்ள குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். 2000-ல் முடிவு வந்தது. வில்லியம்ஸ் குழந்தைகள் ஒரு படிகூட மேலே இல்லை! முகத்தைப் பார்த்து 'அழறாங்க', 'சந்தோஷமா இருக்காங்க' என்று உணர்வது ஒரு வித்தை. அவள் மண்டைக்குள் என்ன தெரியும், என்ன தெரியாது என்று கணக்குப் போடுவது இன்னொரு வித்தை. முதலாவதில் ஆர்வம் கொட்டிக்கிடப்பதால் இரண்டாவதும் இருக்கும் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். 2003-ல் இன்னொரு சோதனை. ஒருவர் கிண்டலுக்குச் சொல்வதையும், ஏமாற்றுவதற்குச் சொல்வதையும் பிரிக்கவேண்டும். வில்லியம்ஸ் இளைஞர்கள் கிண்டலையும் பொய் என்றே சொன்னார்கள்.

இது வெறும் ஆய்வுக்கூட விஷயம் இல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாதவன் கையைப் பிடித்துக்கொண்டு 'நீங்க ரொம்ப நல்லவங்க' என்று சொல்கிற பிள்ளை. எதிரே இருப்பவன் உள்ளே நினைப்பது என்ன என்று அதற்குப் பிடிபடாது. இவ்வளவு அழகாகப் பேசும் பிள்ளைக்குத் துணை எதற்கு என்று பள்ளிக்கூடமும் அக்கம்பக்கமும் கேட்கும். அந்த அம்மா என்ன பாடுபடுவாள்! வாயுள்ள பிள்ளை பிழைக்கும்தான். அந்த வாயைப் பார்த்தே ஊர் ஏமாந்துபோனால், பிழைப்பு கஷ்டம்.

தவளைக் கதைகளையும் தூசிதட்டி மறுபடி படித்தார்கள். அலங்காரமெல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் பையன் எதற்காகக் காட்டுக்குள் அலைகிறான் என்ற மூல இழை பல இடங்களில் தொய்ந்து கிடந்தது. அப்படியானால் அந்த இன்னொரு பிள்ளை? விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ராபின் சேப்மன், ஸாலி மைல்ஸ் என்ற இருவர், டவுன் ஸின்ட்ரோம் இளைஞர்கள் சொன்ன தவளைக் கதைகளைப் புது மாதிரி எண்ணிப்பார்த்தார்கள். இலக்கணத்தை விட்டுவிட்டு, கதையில் எத்தனை திருப்பங்கள் வந்துவிட்டன, தேடுகிற இழை விடுபட்டதா என்று மட்டும் பார்த்தார்கள். அதே நீளத்தில் வாக்கியம் பேசும் சாதாரணச் சின்னக் குழந்தைகளைவிட இவர்கள் கதையில் சரக்கு அதிகம்! இவர்கள் புரிந்துகொள்ளும் அளவுக்கு எது பொருத்தமோ அந்த அளவுக்குக் கதை வந்திருந்தது. வாக்கியம்தான் உடைந்திருந்தது. இந்த முடிவு வெளிவந்தது 2002-ல். டவுன் தன் கட்டுரையை எழுதி 136 வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் தெருப் பையனுக்கு வருகிறேன். மூன்றாவது வீடு. எங்களைவிட நாலைந்து வயது பெரியவன். பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் அம்மா அவனைக் கையோடு எங்கேயும் கூட்டிப்போவார், டூரிங் டாக்கீஸுக்கும்தான். மறுநாள் திண்ணையில் எங்கள் பட்டாளம் அவனைச் சூழ்ந்துகொள்ளும். "டேய், படக் கதை சொல்லுடா!" கதை கேட்பதற்காக இல்லை. அவன் நாக்கு புரளுவதைப் பார்த்துச் சிரிக்க.

ஒரு நாள், ரயில்வே ஸ்டேஷனில் அம்மாவும் குழந்தையும் பிரிந்துவிடுகிற ஏதோ ஒரு படம். பெயர் மறந்துவிட்டது. அவன் எழுந்து நின்று, ஒரு கையால் இந்தப் பக்கம் காட்டினான். "அம்மா இங்க. தேது." இன்னொரு கையால் அந்தப் பக்கம். "புள்ள அங்க." பிறகு இரண்டு கையையும் இறக்கிவிட்டு, எங்களையே பார்த்து, "அம்மாக்கு தெய்ல" என்றான். அவன் கண்ணில் தண்ணீர்.

நாங்கள் 'தெய்ல, தெய்ல' என்று சொல்லிக் காட்டியே ஒரு வாரம் சிரித்தோம்.